பெட்டிக்குள் மூடுபனி

குளிர்சாதனப் பெட்டி என்பது குளிர்விப்பதற்காக வைக்கப்பட்டது என்று எங்கள் அலுவலக விதிகளில் எங்கும் எழுதப்படவில்லை. அது மேலிடத்தால் வழங்கப்பட்டது, இருப்பில் சேர்க்கப்பட்டது, பக்கவாட்டில் வெள்ளை வண்ணத்தால் எண் இடப்பட்டது என்ற செய்திகள் மட்டுமே விதிகளில் உண்டு. ஆகவே அது குளிராமல் இருந்த நாள்களிலும் அலுவலகத்தின் பார்வையில் தன் கடமையைக் குறைவின்றி ஆற்றிக்கொண்டுதான் இருந்தது.

மிகொரோஷோனி என்னும் எங்கள் சிற்றூர், ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. காற்றில் பாதி தண்ணீர். மின்சாரம் வரும், போகும். எங்கே போனது என்று கேட்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. இப்படிப்பட்ட ஊரில், மின்சாரம் இல்லாமல் மூடிக் கிடக்கும் ஒரு பெட்டியின் கதவு ரப்பர் கீழ்மூலையில் கிழிந்திருந்தால், உள்ளே என்ன வளரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சுவரெங்கும் கறுப்புப் புள்ளி, தட்டுகளின் விளிம்பில் சாம்பல் நிறப் பஞ்சு, ரப்பரின் மடிப்புக்குள் தார் பூசியதுபோல ஒரு கோடு. கதவைத் திறந்தால் மழையில் நனைந்த செருப்பின் வாடை.

எங்கள் மொழியில் இந்தப் பூஞ்சைக்கு உகுங்கு என்று பெயர். விடியற்காலையில் ஆற்றின்மேல் இறங்கும் மூடுபனிக்கும் உகுங்கு என்றுதான் பெயர். ஒரே சொல் இரண்டு வேலை பார்ப்பதால் எங்களுக்கு இதுவரை ஒரு தொல்லையும் நேர்ந்ததில்லை. ரொட்டியில் உகுங்கு என்றால் ரொட்டியை வீசி எறிவோம். ஆற்றில் உகுங்கு என்றால் படகைக் கட்டி வைப்போம். மாற்றிச் செய்தவர் எவரும் இல்லை. அலுவலகம் தலையிடும்வரை.

கால்நடை அலுவலகத்தில் அந்தப் பெட்டிக்குப் பொறுப்பானவர் சிவேமா என்னும் உதவியாளர். கோழிகளுக்கு வரும் வெள்ளைக் கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்தைப் பெட்டியில் குளிராக வைத்திருந்து, ஊர்க்கோழிகளின் கண்ணில் ஒரு சொட்டு விடுவது அவர் வேலை. அதே அலுவலகத்தில் கோப்புகளை வரிசைப்படுத்துவது என் வேலை. அதனால்தான் நடந்ததை வரிசையாகச் சொல்ல முடிகிறது.

சிவேமா அந்தப் பெட்டியைப் பலமுறை துடைத்தவர். மின்னிணைப்பைப் பிடுங்கி, தட்டுகளைக் கழற்றி வெயிலில் சாய்த்து, வெதுவெதுப்பான நீரில் சமையல் சோடாவைக் கரைத்து மேலிருந்து கீழாகத் துடைப்பார். பழைய பல் துலக்கியை வினிகரில் தோய்த்து ரப்பரின் மடிப்பைத் தேய்ப்பார். உலர்ந்த துணியால் ஒற்றி, கதவைத் திறந்தே போட்டு, ஈரம் போன பிறகுதான் மூடுவார். சில வாரங்கள் பெட்டி மணமாக இருக்கும். பிறகு கிழிந்த மூலை வழியாகக் கடற்காற்று உள்ளே போய்த் தன் வேலையைத் தொடங்கிவிடும். ரப்பரை மாற்றாமல் இதற்கு முடிவில்லை.

அன்று காலை மவாதுமு வந்தார். ஊரிலேயே பெரிய கோழிக் கூட்டம் அவருடையது. அதைவிடப் பெரியது அவர் வாய்.

"சிவேமா, மருந்து வந்துச்சா?"

"இந்த வாரம் வண்டி வருது அக்கா. ஆனா வைக்கத்தான் இடமில்லை. பெட்டியைப் பாருங்க."

மவாதுமு குனிந்து பார்த்தார். "ஐயையோ, இதென்ன, என் புருஷன் தொப்பிக்குள்ள பார்க்கற மாதிரி இருக்கு."

"ரப்பர் கிழிஞ்சிருக்கு. துடைக்கத் துடைக்க வருது. புதுசு கேட்டு எழுதணும்."

"சீக்கிரம் எழுது தாயி. ஆத்துக்கு அந்தப் பக்கம் கோழியெல்லாம் கழுத்தை முறுக்கிக்கிட்டு விழுதாம். எங்க மாண்புமிகு நேத்து ஒரு தடவை தும்மினார். ராத்திரி முழுக்க கூண்டுப் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன்."

மாண்புமிகு என்பது எங்கள் நாட்டில் பதவியில் இருப்பவர்களை விளிக்கும் சொல். மவாதுமு வீட்டு மாண்புமிகு ஒரு சேவல். வெள்ளை உடம்பு, சிவப்புக் கொண்டை, நிமிர்ந்த நடை. எந்த வேலையும் செய்யாது. காலையில் நெடுநேரம் பேசும். அடுத்தவர் முற்றத்தையும் தன் தொகுதியாகவே கருதும். வேறு பெயர் பொருந்தவில்லை என்பது மவாதுமுவின் கட்சி.

சிவேமா ரப்பர் கேட்டு எழுதிய விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு தலைமை அலுவலர் திரு. லுவம்பானோவின் அறைக்குள் போனார்.

அந்த ஆண்டு அலுவலர்கள் கழுத்தில் பட்டை அணியும் வழக்கம் பரவியிருந்தது. எந்தப் பயிற்சிக்குப் போனாலும் பெயர் அட்டையுடன் ஒரு பட்டை தருவார்கள். திரு. லுவம்பானோ தாம் பெற்ற பட்டைகளில் ஒன்றையும் கழற்றியதில்லை. மின்விசிறி சுழலும்போது அட்டைகள் ஒன்றோடொன்று மோதி, மணி கட்டிய ஆட்டு மந்தை வருவதுபோல ஒலிக்கும். கடைசியாக அவர் போய்வந்தது 'சொல்விரைவு' என்னும் திட்டத்துக்கான பயிற்சி. மக்களின் விண்ணப்பங்களை இனிப் படிக்க வேண்டியதில்லை என்பதே அத்திட்டத்தின் சிறப்பு. விண்ணப்பத்துக்குத் தலைப்பாக ஒரே ஒரு சொல் இட்டால் போதும். கணினி அந்தச் சொல்லைப் பார்த்து உரிய துறைக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் அனுப்பிவிடும்.

"இவ்வளவு எழுதியிருக்கீங்களேம்மா" என்றார் திரு. லுவம்பானோ. "இதெல்லாம் போன ஆட்சிக் காலத்துப் பழக்கம். ஒரே சொல் சொல்லுங்க."

"ரப்பர்னு போடலாங்க ஐயா."

"ரப்பர் பிரச்சினை இல்லை, தீர்வு. தீர்வை நாம சொல்லக்கூடாது. அது மேல இருக்கிறவங்க உரிமை. அதுவுமில்லாம ரப்பர்னு போட்டா தோட்டப்பயிர்த் துறைக்குப் போயிடும். அப்புறம் ரெண்டு லாரி மரக்கன்னு வந்து இறங்கும். பிரச்சினை என்ன, அதைச் சொல்லுங்க."

"பெட்டிக்குள்ள உகுங்கு பிடிச்சிருக்கு."

"பாருங்க, எவ்வளவு சுருக்கமா வந்துடுச்சு!" என்று மகிழ்ந்து, உகுங்கு என்று தட்டச்சு செய்து அனுப்பினார். உடனே ஒரு புகார் எண் வந்தது. அதை ஒரு சீட்டில் அச்சிட்டு, பெட்டியின் கதவுக்கும் உடலுக்கும் நடுவே குறுக்காக ஒட்டினார். 'நிலுவையில் உள்ளது. தொடாதீர்' என்று அடியில் எழுதியிருந்தது.

"அதுவரைக்கும் நான் ஒருதரம் துடைச்சு வச்சுடறேனே" என்றார் சிவேமா.

திரு. லுவம்பானோ பதறிவிட்டார். "துடைச்சுட்டீங்கன்னா வந்து பார்க்கிறவங்க என்னத்தைப் பார்ப்பாங்க? இல்லாத குறைக்கு எழுதினோம்னு ஆயிடாதா? நடவடிக்கையில இருக்கிற பொருள்மா அது. கைவிரல் படக்கூடாது."

பதில் மறுநாளே வந்தது. திட்டத்தின் வேகத்தை யாரும் குறை சொல்ல முடியாது. அனுப்பியிருந்தது வானிலைத் துறை. 'தங்கள் பகுதியில் உகுங்கு நிலவுவதாகத் தெரிவித்தமைக்கு நன்றி. இப்பருவத்தில் இது இயல்பே. பொதுவாகச் சூரியன் ஏறியதும் தானாகக் கலைந்துவிடும். அதுவரை மெதுவாகச் செல்லவும், விளக்குகளை எரியவிடவும்.'

திரு. லுவம்பானோ பெட்டியைச் சன்னலோரம் நகர்த்தி, கதவைச் சூரியனை நோக்கித் திருப்பச் சொன்னார். உள்விளக்கு எரியவில்லை; ஆகவே மேலே ஒரு அரிக்கேன் விளக்கு வைக்கப்பட்டது. நாங்கள் எல்லோரும் அந்தப் பக்கம் போகும்போது மெதுவாகச் சென்றோம். சிரித்தது சிவேமா ஒருவர்தான். அதுவும் மருந்து வண்டி வரும்வரைதான்.

மருந்து வண்டியின் ஓட்டுநர் பெட்டியைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். "சுத்தமான பெட்டி இல்லாத இடத்துல மருந்தை இறக்கக்கூடாது அக்கா. எனக்கு உத்தரவு. அடுத்த சுற்றுக்கு வர்றேன். அதுக்குள்ள துடைச்சு வச்சுடுங்க."

"துடைக்கக்கூடாதுன்னு எனக்கு உத்தரவு தம்பி."

"அப்ப ரெண்டு பேரும் ஒழுங்காத்தான் வேலை பார்க்கிறோம்" என்று சொல்லிவிட்டு அவர் மருந்தோடு திரும்பிப் போனார். வாசலில் கூடையோடு நின்ற மவாதுமு, வண்டி கிளப்பிய புழுதி அடங்கும்வரை ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் நின்றதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

உகுங்கு கலையவில்லை என்று இரண்டாம் முறை தெரிவித்ததும் வானிலைத் துறையிலிருந்து திரு. கபிங்கா என்னும் வல்லுநர் நேரில் வந்தார். அமைதியான மனிதர். அவர் கழுத்திலும் பட்டைகள் உண்டு. ஆனால் சத்தம் வராமல் இருக்கச் சட்டைப் பைக்குள் செருகியிருந்தார். சீட்டின் ஒரு முனையைப் பதமாக உரித்து, பெட்டியைத் திறந்து, நெடுநேரம் உள்ளே பார்த்தார். கீழ்த்தட்டில் ஒரு காற்றுமானியை வைத்தார். அது அசையவில்லை. 'காற்று: அமைதி' என்று எழுதிக்கொண்டார்.

"பார்வைத் தூரம் மிகவும் குறைவா இருக்கு" என்றார்.

"பின்பக்கச் சுவர் அவ்வளவு கிட்டத்துல இருக்குங்க" என்றார் சிவேமா.

"காரணம் எதுவா இருந்தாலும் தூரம் தூரம்தான்."

"ஐயா, உங்க விரலால தொட்டுப் பாருங்க. மூடுபனியா இது? விரல்ல ஒட்டுது பாருங்க."

திரு. கபிங்கா கதவை மூடிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மா, எனக்கும் கண் இருக்கு. எங்க வீட்டு பிரிட்ஜிலயும் இதே இருக்கு. என் மனைவி என்னைத்தான் துடைக்கச் சொல்றா. ஆனா பூஞ்சையைப் பார்க்க எனக்கு அதிகாரம் கிடையாது. என் துறைக்கு வந்துட்டா அது மூடுபனி. பூஞ்சைன்னு நான் எழுதினா, மூடுபனியைப் பார்க்கத் தெரியாதவன்னு என்னை மாத்திடுவாங்க. எங்க மாத்துவாங்க தெரியுமா? உங்க துறைக்கு."

சிவேமா அவருக்கு மந்தாஸி என்னும் இனிப்புப் பணியாரமும் இஞ்சித் தேநீரும் கொடுத்து அனுப்பினார்.

திரு. கபிங்கா எழுதிய அறிக்கையில் மிகொரோஷோனியில் பார்வைத் தூரம் ஒரு முழத்துக்கு உட்பட்டது என்றும், காற்றே இல்லாததால் நிலைமை சீரடைய வாய்ப்பில்லை என்றும் கண்டிருந்தது. ஒவ்வொரு சொல்லும் உண்மை. பெட்டி என்ற சொல் மட்டும் இல்லை; அதற்கு அறிக்கையில் இடம் ஒதுக்கப்படவில்லை. மறுநாள் விடியற்காலை வானொலியில் எங்கள் ஊரின் பெயர் கேட்டது. வரலாறு காணாத உகுங்கு. படகுகள் கடலுக்குச் செல்ல வேண்டாம். துறைமுகக் கம்பத்தில் சிவப்புக் கொடி ஏறியது.

அன்று வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. கரையில் நின்றால் எதிர்த்தீவின் தென்னை மரங்களை எண்ணலாம். படகுத் தலைவர் வூவாய், பத்துப் படகுக்காரர்களுக்குச் சமமாக ஒரே ஆளாய்ப் பேசுபவர், காப்பிக் கடை வாசலில் கால் நீட்டி அமர்ந்து சோழி ஆடிக்கொண்டிருந்தார். மீன் வாங்க வந்த மவாதுமு வெறுங்கூடையோடு அவர் முன்னால் நின்றார்.

"ஏன் அண்ணே, கடலுக்குப் போகலையா?"

"பனி கொட்டுதே, தெரியலையா?"

"எங்கே?"

"வானொலியில."

"கண்ணை எங்க அடகு வச்சீங்க? கடல் கண்ணாடி மாதிரி கிடக்குது!"

வூவாய் சோழியை உருட்டினார். "தங்கச்சி, எனக்குத் தெரியுது. ஆனா போனா நான் எச்சரிக்கையை மீறினவன். போகாம உட்கார்ந்திருந்தா தாங்குதிறன் உள்ளவன். தாங்குதிறன் உள்ளவங்களுக்கு ஏதோ உதவி வருதாம். என் பேரை எழுதிக்கிட்டுப் போயிருக்காங்க. நான் தாங்கிக்கிட்டு இருக்கேன், தொந்தரவு பண்ணாதே."

தாங்குதிறன் என்ற சொல்லும் அந்த ஆண்டுதான் வந்தது. அதற்கு முன் எங்கள் ஊரில் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு தாங்கிக்கொண்டிருக்கிறோம்.

படகுகள் போகாததால் மீன் இல்லை. அதே சமயத்தில்தான் திரு. லுவம்பானோ ஒரு கருத்தரங்கு கூட்டினார். வெயில் நாளில், காற்றே இல்லாமல், தரையை விட்டு அசையாத ஒரு மூடுபனி அரசு அலுவலகத்துக்குள் அடைபட்டிருக்கிறது என்றால் அது பருவநிலை மாற்றத்தின் அடையாளம் அல்லாமல் வேறென்ன என்று அவர் கேட்டார். யாரும் பதில் சொல்லாததால் அது நிரூபணமாயிற்று. மாகாணம் முழுவதிலுமிருந்து பங்குதாரர்கள் வந்தார்கள். எதில் பங்கு என்று தெரியவில்லை; மதியச் சாப்பாட்டில் என்பது தெரிந்தது. ஒவ்வொருவரும் பெட்டியைத் திறந்து எட்டிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அத்தனை பேரின் மூச்சுக்காற்றும் உள்ளே சென்றதில் பூஞ்சை முன்னெப்போதும் இல்லாத வனப்புடன் தழைத்தது. கருத்தரங்கின் முடிவில் 'நிலைமை மோசமடைந்து வருகிறது' என்று கண்டறியப்பட்டது.

வந்தவர்களுக்குத் தேங்காய்ப்பால் சோறும் மீனும் தருவதாக ஏற்பாடு. மீன் இல்லை என்றதும் கோழி பிலாவ் என்று மாற்றப்பட்டது. கோழி யாரிடம் இருந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பொதுநலன் கருதி மவாதுமுவின் கோழிகள் பெறப்பட்டன. பின்னர் ஈடு செய்யப்படும் என்று கூறப்பட்டது.

மவாதுமு கூடை நிறைய இறகோடு அலுவலகத்துக்கு வந்தார்.

"நோய் வந்துடுமோன்னு பயந்தேன் ஐயா. கழிச்சல் வந்தாக்கூட ஒண்ணு ரெண்டு பிழைக்கும். உங்க கருத்தரங்கு வந்தா கூண்டே காலியாகுது. கழிச்சல் சோறு கேட்காது. நீங்க ரெண்டாம் தடவையும் கேட்கறீங்க."

"அம்மா, உங்க கோழிகள் ஒரு நல்ல காரியத்துக்குத்தான் போயிருக்கு" என்றார் திரு. லுவம்பானோ.

"நல்ல காரியம்தான். நான் மருந்து கேட்டேன், நீங்க கோழியையே தீர்த்துட்டீங்க. இனிமே நோய் வந்தாலும் பிடிக்க ஆள் இல்லை."

மிஞ்சியவை சில பெட்டைகளும் மாண்புமிகுவும்தான். மாண்புமிகுவை அவர் கட்டிலுக்கு அடியில் கட்டி வைத்தார். ஆற்றின் அந்தப் பக்கத்து நோய் இந்தக் கரைக்கும் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து தும்மல் கேட்கும்போதெல்லாம் மவாதுமுவின் கணவரைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். அவரில்லை என்று தெரிந்த பிறகே அழுகை தொடங்கும்.

சிவேமா இன்னொரு விண்ணப்பம் எழுதினார். இம்முறை தலைப்பு 'திருத்தம்'. பெட்டியில் இருப்பது ஆற்றில் காணும் உகுங்கு அன்று, ரொட்டியில் காணும் உகுங்கு என்று மிகத் தெளிவாக, எவர் மனமும் நோகாத வண்ணம் விளக்கியிருந்தார். அதை நானே படித்துச் சரிபார்த்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. பதில் வந்தது: 'தங்கள் திருத்தம் நன்றியுடன் ஏற்கப்பட்டது. இன்று முதல் மாகாணம் முழுவதும் உகுங்கு என்றால் பூஞ்சையே. ஏற்கெனவே பெறப்பட்ட புகார்களுக்கு இது பொருந்தாது.'

சிவேமா அதை இரண்டு முறை படித்துவிட்டு மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். "என்னுடைய ஒரு உகுங்கைத் தவிர மத்த எல்லா உகுங்கையும் சரி பண்ணிட்டாங்க" என்றார்.

இதற்குள் எச்சரிக்கைக் கொடி வெயிலில் வெளுத்து வெள்ளையாகிவிட்டது. வெள்ளைக் கொடி என்றால் போகலாம் என்று பொருள். ஆகவே படகுகள் மீண்டும் கடலுக்குப் போயின. அப்படிப் போகத் தொடங்கிய வாரத்தில்தான் உண்மையான மூடுபனி இறங்கியது. ஆற்றின் வாய் தெரியவில்லை. முன்னால் நிற்பவரின் மூக்கு தெரியவில்லை. வூவாயின் படகு வழி தவறி மணல்திட்டில் ஏறி உட்கார்ந்தது. யாருக்கும் அடி படவில்லை. கடல்நீர் ஏறும்வரை திட்டில் உட்கார்ந்து, எச்சரிக்கை தராத வானொலியைத் திட்டித் தீர்த்தார்கள். கரைக்கு வந்ததும் வூவாய் நேராக எங்கள் அலுவலகக் கணினிக்கு வந்து, பனிக்காலத்தில் கரையிலிருந்து ஊதும் கொம்பு ஒன்று வேண்டும் என்று கேட்டார். தலைப்பு ஒரே சொல்லில் இருக்க வேண்டும் என்று திரு. லுவம்பானோ சொன்னார். வூவாய் யோசிக்கவே இல்லை.

திட்டத்தின் வேகத்தை யாரும் குறை சொல்ல முடியாது என்று முன்பே கூறினேன். ஒரே வண்டியில் இரண்டு பொட்டலங்கள் வந்து இறங்கின. கால்நடை அலுவலகத்துக்கு, உகுங்கு பற்றிய பழைய புகாரின்மீது, ஆள் உயரத்துக்கு ஒரு பித்தளை ஊதுகொம்பு. துறைமுகத்துக்கு, உகுங்கு பற்றிய புதிய புகாரின்மீது, ஒரு புட்டி வினிகர், ஒரு டப்பா சமையல் சோடா, மென்மையான துணிகள், ஒரு பல் துலக்கி, ஒரு சுருள் கதவு ரப்பர்.

காப்பிக் கடை வாசலில் இருவரும் சந்தித்தார்கள்.

"சிவேமா, நல்லவேளை வந்தே. ஆத்துமேல இருக்கிற பனியைத் துடைக்கச் சொல்லித் துணி அனுப்பியிருக்காங்க" என்றார் வூவாய். "கிழக்கேயிருந்து ஆரம்பிக்கவா, மேற்கேயிருந்தா?"

"மேலேயிருந்து கீழே துடைக்கணும் அண்ணே. மடிப்பு இருந்தா பல் துலக்கியை விட்டுத் தேயுங்க. முடிஞ்சதும் கடலைத் திறந்தே போட்டுடுங்க, காயட்டும்."

"உனக்கு என்ன வந்துச்சு? அதென்ன, பீரங்கியா?"

"கொம்பு. பெட்டிக்குள்ள யாராவது வழி தவறிட்டா ஊதணுமாம்."

காப்பிக் கடைக்காரர் சிரித்ததில் ஒரு கூஜா கவிழ்ந்தது. இருவரும் கைமாற்றிக்கொண்டார்கள். விண்ணப்பம் இல்லை, புகார் எண் இல்லை, தலைப்பு இல்லை. அந்த ஆண்டு எங்கள் ஊரில் ஒழுங்காக நடந்த அரசுப் பணி அது ஒன்றுதான். விதிப்படி அது குற்றம்.

கொம்பு வந்து சேர்ந்துவிட்டதால் பெட்டியைப் பற்றிய புகார் தீர்ந்தது என்று பதிவாயிற்று. திரு. லுவம்பானோ தம் கையாலேயே சீட்டைக் கிழித்தார். சிவேமா அன்று மாலைவரை துடைத்தார். புது ரப்பரை வெந்நீரில் நனைத்து இளக்கி, மூலை மூலையாக அழுத்தி உட்கார வைத்தார். கதவை மூடும்போது 'தப்' என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்காகவே மூன்று முறை திறந்து மூடினார். அடுத்த சுற்றில் மருந்து வண்டி வந்தபோது ஓட்டுநர் உள்ளே மோந்து பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக்கும் வந்து போறீங்களா அக்கா?" என்றார். மருந்து இறங்கியது. மாண்புமிகுவின் கண்ணில் ஒரு சொட்டு விழுந்தது. அது கோபமாகக் கண் சிமிட்டி, சிவேமாவின் விரலைக் கொத்தியது.

"உடம்புக்கு ஒண்ணுமில்லை" என்றார் மவாதுமு, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "கொத்தறார் பாரு. பழைய திமிரு வந்துடுச்சு."

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் ஓர் அலுவலகத்தில் குறை தீர்ந்தால் மட்டும் போதாது. தீர்ந்ததைக் கொண்டாட வேண்டும். ஒரே வண்டியில் இரண்டு உகுங்குகளைத் தீர்த்த சொல்விரைவுத் திட்டத்துக்குப் பாராட்டு விழா அறிவிக்கப்பட்டது. பந்தல் போட்டார்கள். பட்டைகள் வழங்கினார்கள், இம்முறை படகுக்காரர்களுக்கும் கிடைத்தது, காப்பிக் கடைக்காரருக்கும் கிடைத்தது, எனக்கும் கிடைத்தது. எங்கள் தொகுதியின் மாண்புமிகு உறுப்பினர் தலைமை தாங்குவார் என்று அழைப்பிதழ் சொன்னது. மேடையின் நடுவில் பெரிய நாற்காலி. அதன்மேல் வெண்பட்டு விரிப்பு.

விழா என்றால் பிலாவ் உண்டு என்பது மவாதுமுவுக்குத் தெரியும். கட்டிலுக்கு அடியில் விட்டுவிட்டு வந்தால் திரும்பும்போது இறகுதான் இருக்கும் என்று, சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே பந்தலுக்கு வந்து கடைசி வரிசையில் நின்றார்.

நேரம் கடந்தது. வெயில் ஏறியது. திரு. லுவம்பானோ ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, பந்தலின் பின்பக்கம் நின்ற ஏவலரைக் கேட்டார்: "மாண்புமிகு வந்துட்டாரா?"

"வந்துட்டாருங்க ஐயா, இங்கதான் இருக்கார்" என்று கடைசி வரிசையிலிருந்து மவாதுமு கத்தினார்.

மாண்புமிகு வந்துவிட்டார் என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்து நிற்பது எங்கள் உடம்பில் ஊறிய பழக்கம். பந்தல் முழுவதும் எழுந்தது. வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழி விட்டது. அந்த வழியில் மவாதுமு சேவலோடு நின்றார். பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். மேடை ஏறியபோதுதான் அவருக்கே விஷயம் புரிந்தது. ஆனால் அவர் வெட்கப்படும் ரகமல்ல. சேவலை வெண்பட்டு விரிப்பின்மேல் இறக்கிவிட்டார்.

திரு. லுவம்பானோ நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். 'மாண்புமிகுவுக்குப் பொன்னாடை' என்று இருந்தது. அதில் மேற்கொண்டு விளக்கம் இல்லை. நிரலில் இல்லாத கேள்வியைக் கேட்கும் வழக்கம் அவருக்கும் இல்லை. பூப்போட்ட புதுத் துணியை எடுத்துச் சேவலின்மேல் பணிவோடு போர்த்தினார். மாண்புமிகு கொண்டையை ஆட்டி, பந்தலைத் தன் தொகுதியாகப் பாவித்து ஒருமுறை சுற்றிலும் பார்த்து, நீளமாகக் கூவியது. நாங்கள் கைதட்டினோம். வூவாய் தட்டினார், திரு. கபிங்கா தட்டினார், சிவேமா வாயைப் பொத்திக்கொண்டு தட்டினார். கழுத்துப் பட்டை இடிக்க இடிக்க நானும் தட்டினேன். சென்ற ஆண்டு வந்த மாண்புமிகுவைவிட இவர் சுருக்கமாகப் பேசினார் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அதை மறுக்க எனக்குக் காரணம் தோன்றவில்லை.

விருந்தில் மீன்தான் பரிமாறினார்கள். தலைமை விருந்தினரின் முன்னிலையில் கோழி பரிமாறுவது முறையாகாது என்று சமையல்காரரே முடிவு செய்துவிட்டார்.

நாங்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது உண்மையான மாண்புமிகுவிடமிருந்து தொலைபேசிச் செய்தி வந்தது. விழாவுக்கு வர இயலாமைக்கு மிகவும் வருந்துவதாகவும், காரணம் உகுங்கு என்றும் திரு. லுவம்பானோ வாசித்தார். எல்லோரும் அனுதாபத்தோடு தலையசைத்தோம். பந்தலுக்கு வெளியே வெயிலில் கண் கூசியது. எந்த உகுங்கு என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.